நூலால் சிந்தித்தவர்: அன்னி ஆல்பர்சின் நெசவும் ஆசிரியப் பணியும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையையும் குறிக்கும். அறிஞர் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் உள்ள உறவை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து நூல் பிறக்கும் முறையை விளக்குகிறார். மற்றோரிடத்தில், மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலை அறிவு நூல் தீர்க்கும் என்கிறார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பா என்பது பெயர். செய்யுளுக்கும் பா என்பதே பெயர். 'பனுவல்' என்னும் சொல் நூற்ற இழைக்கும் உரியது, இயற்றிய நூலுக்கும் உரியது.

இவ்வுறவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகளில் உரைப் பகுதியைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்னும் சொல்லும் துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' என்னும் சொல்லும், நெய்தல் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. மொழியைப் பற்றிச் சிந்திக்கும் அவையில் நெசவுக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச நாம் முற்படுவதற்கு இதுவே தக்க காரணமாகும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ். 1899-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பிறந்து, 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மறைந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நெசவுக் கலைஞருள் ஒருவர் என்று போற்றப்படுபவர். அவருடைய துணிகளைப் போலவே அவருடைய கற்பித்தல் முறையும் ஆராயத்தக்கது. ஒரு பொருளைக் கையால் தொட்டு, அதன் இயல்பை அறிந்து, அதிலிருந்து சிந்தனையை வளர்ப்பது எவ்வாறு என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் கற்றார், கற்பித்தார். அவர் வாழ்வை ஒழுங்காகக் காண்போம்.

விரும்பாமல் புகுந்த வகுப்பு

அன்னியின் தந்தையார் அறைகலன் உற்பத்தி செய்தவர். தாயார் புகழ்பெற்ற உல்ஸ்டைன் பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசதி மிக்க இல்லத்தில் வளர்ந்த அன்னி ஓவியராக வேண்டும் என்று விரும்பினார். 1922-ஆம் ஆண்டு வைமார் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் 1919-இல் நிறுவிய பள்ளி அது. கலை வேறு, கைத்தொழில் வேறு என்னும் பிரிவினையை நீக்குவதே அதன் குறிக்கோள். ஓவியம் தீட்டுவோரும் மரம் இழைப்போரும் கண்ணாடி வேலை செய்வோரும் ஒரே கூரையின் கீழ் பயின்றனர்.

ஆண், பெண் இருபாலாருக்கும் சம இடம் என்று பள்ளி அறிவித்திருந்த போதிலும், நடைமுறை வேறாக இருந்தது. பெண்களுட் பெரும்பாலோர் நெசவுப் பட்டறைக்கே அனுப்பப்பட்டனர். அன்னி விரும்பியது கண்ணாடிப் பட்டறையை. கிடைத்ததோ நெசவுப் பட்டறை. நூல் வேலை வலுவற்றது, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்று அவரே தொடக்கத்தில் எண்ணினார். வேறு வழியின்றியே தறியின் முன் அமர்ந்தார்.

எனினும், நூலின் கட்டுப்பாடுகளே அவரைப் பற்றிக்கொண்டன. ஓவியன் கித்தானில் எந்தத் திசையிலும் தூரிகையை ஓட்டலாம். நெய்பவருக்கு அந்த உரிமை இல்லை. பாவு நீளவாக்கில் நிற்கும். ஊடை குறுக்காகச் செல்லும். இவ்விரண்டும் செங்கோணத்தில் சந்தித்தே ஆக வேண்டும். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு புதியதைத் தேடுவது தமக்கு ஊன்றுகோலாக அமைந்தது என்பதை அன்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார். யாப்பின் கட்டுக்குள் நின்று பாடும் புலவனுக்கு இவ்வுண்மை புதியதன்று.

அப்பட்டறையில் அவருக்கு வழிகாட்டியவர் குன்டா ஷ்டோல்ட்ஸ்ல் என்னும் நெசவாளர். வடிவக் கோட்பாட்டைக் கற்பித்தவர் ஓவியர் பால் கிளே. ஒரு கோட்டை உலாவ அழைத்துச் செல்வதே வரைதல் என்பது கிளேயின் புகழ்பெற்ற கருத்து. தாம் ஒரு நூலைத் தம்மால் இயன்ற இடமெல்லாம் அழைத்துச் செல்ல விரும்பியதாக அன்னி இதனைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். 1925-இல், அப்பள்ளியில் பயின்று ஆசிரியரான யோசப் ஆல்பர்சை மணந்தார்.

ஒலியை அடக்கிய துணி

பள்ளி வைமாரிலிருந்து டெஸ்ஸாவ் நகருக்கு மாறிய பின்னர், தொழிற்சாலைகளுக்கு உதவும் வடிவமைப்பு அதன் முதன்மை நோக்கமாயிற்று. சுவரில் தொங்கவிடும் அழகுத் துணிகளோடு நில்லாமல், பயன்பாட்டுக்குரிய துணிகளை ஆராயும் கூடமாக நெசவுப் பட்டறை வளர்ந்தது. 1930-இல் அன்னி தம் பட்டயத்துக்காகச் செய்த பணி இந்த மாற்றத்துக்குச் சிறந்த சான்று.

பெர்லினுக்கு அருகிலுள்ள பெர்னாவ் என்னும் ஊரில் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஹன்னஸ் மையர் வடிவமைத்தார். அதன் அரங்கில் எதிரொலி ஒரு சிக்கலாக இருந்தது. சுவரில் கனத்த வெல்வெட் துணியைப் பொருத்துவது வழக்கமான தீர்வு. ஆனால் வெளிர்நிற வெல்வெட்டில் கைபட்ட அழுக்கு எளிதில் தெரியும். கருநிற வெல்வெட்டோ அரங்கின் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அன்னி இவ்விரண்டுக்கும் ஒரே துணியில் விடை கண்டார். துணியின் பின்புறம் ஒலியை உள்வாங்கும் மென்மயிர்ப் பருத்தி நூலாகவும், முன்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்லோபேன் இழையாகவும் அமையும்படி நெய்தார். பளபளப்பான முன்புறத்தைத் துடைத்துத் தூய்மை செய்யவும் இயலும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்துணியில் பூ வேலை இல்லை, உருவம் இல்லை, கதை இல்லை. இழைகளின் இயல்பும் அவை பிணைக்கப்பட்ட முறையுமே அதன் அழகு. துணிக்கு அழகு மேலிருந்து பூசப்படுவதன்று, உள்ளிருந்து அமைவது என்னும் கொள்கையை அன்னி இறுதிவரை விடவில்லை. 1931-இல் அவர் நெசவுப் பட்டறையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

கடல் கடந்த கல்லூரி

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். அவர்களுடைய நெருக்குதலுக்கு உள்ளான பௌஹவுஸ் அவ்வாண்டே மூடப்பட்டது. அன்னியின் குடும்பம் கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றிருந்தாலும் பிறப்பால் யூத மரபினது. அந்நாட்டில் அவருக்கு இனி இடமில்லை. அந்நேரத்தில், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் புதிதாகத் தோன்றிய பிளாக் மவுண்டன் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. இதற்கு உதவியவர் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன். 1933 நவம்பரில் கணவனும் மனைவியும் அமெரிக்க மண்ணில் இறங்கினர். யோசப்புக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. இளமையில் ஆங்கிலம் கற்றிருந்த அன்னி அவருக்கு மொழித்துணையாக இருந்தார்.

பிளாக் மவுண்டன் ஒரு சிறு கல்லூரி. மலையடிவாரத்தில், மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, பயின்றனர். வயல் வேலையும் கட்டட வேலையும் அன்றாட வாழ்வின் பகுதிகளாக இருந்தன. கலை, கல்வியின் ஓரத்தில் ஒட்டவைக்கப்பட்ட பாடமாக இல்லாமல் நடுவிடத்தைப் பெற்றிருந்தது. இங்கு அன்னி 1949 வரை நெசவு கற்பித்தார். அவருடைய ஆசிரிய வாழ்வின் விளைச்சல் மிக்க காலம் இதுவே.

சுழியத்திலிருந்து தொடங்குதல்

நெசவு வகுப்பு என்றால் தறியை எவ்வாறு இயக்குவது என்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். நூலைப் பாவாக ஓட்டுவது, விழுதுக் கண்ணில் இழையைக் கோப்பது, அச்சில் நுழைப்பது, மிதியை மிதித்துப் பாவைப் பிரிப்பது, பிரிந்த இடைவெளியில் ஓடத்தைச் செலுத்துவது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுப்பர். பிறகு ஏட்டிலுள்ள பழைய கோலம் ஒன்றைப் பார்த்து நெய்யச் சொல்வர். மாணவர் திறமையாகப் பின்பற்றுவார். ஆயினும் ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பதை அறியார்.

அன்னி இவ்வரிசையைத் தலைகீழாக்கினார். மாணவர் தம்மைப் பெரு நாட்டின் பண்டைக் கடற்கரையில் நிற்பவராகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கடை இல்லை, தறி இல்லை, நூற்கண்டு இல்லை. வெயில், காற்று, மணல், மீன், தாவரம் ஆகியவையே உள்ளன. ஒதுங்க நிழல் வேண்டும். மீன் பிடிக்க வலை வேண்டும். பொருளைச் சுமக்கப் பை வேண்டும். இப்போது என்ன செய்வீர்கள் என்பதே அவருடைய முதல் வினா. நாரை முறுக்கினால் வலுப்பெறும் என்பதையும், இரு நார்களைப் பிணைத்தால் நீளும் என்பதையும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் பரப்பாகும் என்பதையும் மாணவர் தாமே கண்டறிந்தனர்.

இதன்பின் எளிய இடுப்புத் தறி வகுப்புக்கு வந்தது. பாவின் ஒரு முனையைத் தூணிலோ மரத்திலோ கட்டி, மறுமுனையை நெய்பவர் தம் இடுப்பைச் சுற்றிய வாரில் கட்டிக்கொள்வார். பின்னே சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னே வளைந்தால் தளரும். நெய்பவரின் உடலே தறியின் ஓர் உறுப்பு. சில குச்சிகளும் ஒரு வாரும் மட்டுமே கொண்ட இத்தறியில் நெசவின் அடிப்படை முழுவதும் அடங்கிவிடுகிறது. பின்வந்த மிதிதறியும் விசைத்தறியும் வேகத்தைப் பெருக்கினவேயன்றி, பாவும் ஊடையும் கூடும் அடிப்படையை மாற்றவில்லை என்பதை அன்னி தம் எழுத்துகளில் வலியுறுத்துகிறார்.

இம்முறையின் பயன் யாது? தொடக்கத்தை அறிந்த மாணவர், பின்வந்த ஒவ்வொரு கருவியும் எந்தத் தேவைக்கு விடையாகத் தோன்றியது என்பதை உணர்கிறார். கருவி அவருக்கு ஆணையிடுவதில்லை. அவர் கருவியை ஆள்கிறார். 'பொருளோடு பணி செய்தல்' என்னும் கருத்தில் அன்னி 1938-இல் எழுதிய கட்டுரை இதனையே விளக்குகிறது. பொருளோடு மல்லுக்கட்டும்போது நம் விருப்பத்துக்கு ஓர் எதிர்ப்பு எழுகிறது. அவ்வெதிர்ப்பே நம்மைத் திருத்தும் ஆசான் என்பது அதன் உட்கருத்து.

தொடுவுணர்வை மீட்டல்

அன்னியின் வகுப்பில் நூலே இல்லாத பயிற்சிகளும் நடைபெற்றன. சோள மணிகள், புல், முறுக்கிய காகிதம், உலோகச் சீவல்கள் ஆகியவற்றை மாணவர் அடுக்கியும் ஒட்டியும் பரப்புகளை உருவாக்கினர். சொரசொரப்பு, வழவழப்பு, மேடு, பள்ளம் என்பவற்றைக் கண்ணாலும் விரலாலும் ஒருங்கே அறிவதே இதன் நோக்கம். பிறிதொரு பயிற்சியில் தட்டச்சு இயந்திரம் பயன்பட்டது. எழுத்துகளையும் குறிகளையும் வரிசையாகவும் மாற்றியும் அடித்துத் துணி போன்ற தோற்றத்தைக் காகிதத்தில் உருவாக்கினர். பொருள் தரும் எழுத்து இங்கே இழையாக மாறியது.

தொடுவுணர்வு மங்கிவருகிறது என்பது அவர் நெடுங்காலம் கொண்டிருந்த கவலை. பொருள்கள் அனைத்தும் முடிந்த வடிவில் நம் கைக்கு வருகின்றன. மாவு பிசையாமல் ரொட்டி கிடைக்கிறது. நூற்காமல் ஆடை கிடைக்கிறது. உழைப்பு மிச்சமாகிறது, ஆனால் பொருள் உருவாகும் நிகழ்வில் பங்குபெறும் வாய்ப்பும் உடன் போய்விடுகிறது. நாம் படிப்பதிலும் எழுதுவதிலும் தேர்கிறோம். விரலால் அறிவதில் குழந்தைகளாகவே நின்றுவிடுகிறோம். இதை அன்னி 1965-இல் வெளியிட்ட 'ஆன் வீவிங்' என்னும் நூலில் ஒரு தனி இயலாகவே எழுதினார். திரையை விரலால் தடவிப் பழகும் தலைமுறைக்கு அவ்வியல் இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

இதனால் அன்னியை இயந்திரத்தின் பகைவர் என்று கருதிவிடக் கூடாது. பழங்காலத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கைத்தறியைத் தொழிற்சாலைக்கு முன்மாதிரி உருவாக்கும் ஆய்வுக்கூடமாகக் கண்டார். புகழ்பெற்ற நோல் நிறுவனத்துக்கு 1950-களிலிருந்து துணி வடிவமைத்துத் தந்தார். கையால் ஆராய்ந்தவரே இயந்திரத்துக்குத் தக்கதைச் சொல்ல முடியும் என்பதே அவர் நிலைப்பாடு.

எளிய பொருளிலும் அழகு காணலாம் என்பதை அவர் செயலிலும் காட்டினார். 1935 தொடங்கி அவரும் கணவரும் மெக்சிகோ நாட்டுக்குப் பலமுறை சென்றனர். மொன்டே அல்பான் என்னும் தொன்மையான இடத்தில் கிடைத்த அணிகலன்களில் பொன்னும் விலை குறைந்த சிப்பியும் அருகருகே கோக்கப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தார். திரும்பியதும் தம் மாணவர் அலெக்சாண்டர் ரீடுடன் சேர்ந்து வன்பொருள் கடைச் சரக்குகளைக் கொண்டு கழுத்தணிகள் செய்தார். கழுவுதொட்டியின் வடிகட்டி பதக்கமாயிற்று. காகிதக் கவ்விகள் தொங்கலாயின. அலுமினிய வளையங்கள் நாடாவில் கோக்கப்பட்டு மாலையாயின. மதிப்பு என்பது பொருளின் விலையில் இல்லை, அதைக் காணும் கண்ணில் உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

எழுத்தாகிய நெசவு

'ஆன் வீவிங்' நூலை அன்னி தம் ஆசான்களாகிய பண்டைப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கே உரிமையாக்கினார். பௌஹவுசின் பேராசிரியர்களைவிட, பெயர் அறியப்படாத அந்நெசவாளர்களையே அவர் உயரத்தில் வைத்தார். அதற்கு வலுவான காரணம் உண்டு. ஆண்டீஸ் மலைநாட்டுப் பண்டை மக்கள் நாம் அறிந்த வகையிலான எழுத்து முறையைக் கொண்டிருக்கவில்லை. இன்கா அரசு தன் கணக்குகளைக் 'கீப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்து வைத்தது. முடிச்சின் வகையும் இடமும் எண்ணைக் குறித்தன. அம்மக்களின் துணியிலும் கோலங்களும் நிறங்களும் செய்தி தாங்கி நின்றன. எழுத்தில்லாத இடத்தில் நூலே மொழியாக இருந்தது என்பதே அன்னியின் முடிபு.

அவர் நெய்த பல துணிகளின் பெயர்களே இச்சிந்தனையைக் காட்டுகின்றன. 1936-இல் நெய்த ஒன்றுக்குப் 'பண்டை எழுத்து' என்று பெயர். 1958-இல் நெய்த ஒன்றுக்குத் 'திறந்த மடல்' என்று பெயர். அவற்றைக் காண்போர் வரிகளும் இடைவெளிகளும் எழுத்துகளைப் போல நிரல்படுவதைக் காணலாம். ஆனால் எந்த மொழியிலும் அவற்றைப் படிக்க இயலாது. படிக்க இயலாத போதிலும், யாரோ நமக்கு ஏதோ சொல்கிறார் என்னும் உணர்வு எஞ்சுகிறது.

1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அன்னியின் துணிகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அந்நிறுவனம் தனிக் கண்காட்சி நடத்தியது அதுவே முதன்முறை. எனினும் கலை, கைத்தொழில் என்னும் சுவர் முற்றிலும் இடியவில்லை. 1963-இல் கல்லச்சுக் கலையில் ஈடுபடத் தொடங்கிய அன்னி, பின்னர் 1970 அளவில் தறியைக் கைவிட்டு அச்சுப் படங்களிலேயே முழுமையாக ஈடுபட்டார். அவ்வனுபவத்திலிருந்து அவர் கூறிய கருத்து நம்மைச் சற்று நிறுத்திவிடுகிறது: நூலால் செய்தால் கைத்தொழில் என்கிறார்கள், அதையே தாளில் செய்தால் கலை என்கிறார்கள் என்றார். வாழ்நாள் முழுவதும் சுவரை இடிக்க முயன்றவரின் சொல் இது.

ஆறு வேண்டுதல்கள்

தறியைக் கைவிடுவதற்கு முன் அவர் நெய்த பெரும் படைப்பு 'ஆறு வேண்டுதல்கள்'. நாஜிகள் கொன்றொழித்த அறுபது இலட்சம் யூதர்களின் நினைவாக, நியூயார்க் யூத அருங்காட்சியகம் 1965-இல் இப்பணியை அவரிடம் ஒப்படைத்தது. 1967-இல் பணி நிறைவுற்றது. ஓர் ஆள் உயரத்தை ஒட்டிய, ஒடுங்கிய ஆறு துணிகள் நிரையாக நிற்கின்றன. பருத்தி, சணல்வகை நார், வெள்ளி நிற இழை ஆகியவற்றால் ஆனவை. கருமை, வெண்மை, மண்ணிறம், வெள்ளி ஆகிய நிறங்கள் மட்டுமே உள்ளன. பின்னணி ஊடையின் மேல் கருநிற, வெண்ணிற இழைகள் வளைந்தும் முறிந்தும் செல்கின்றன. மறைநூலின் வரிகளைப் போலத் தோன்றினாலும் அவை சொற்கள் அல்ல.

அப்பேரழிவின் உருவங்களை வரைந்து காட்ட அன்னி முயலவில்லை. அறுபது இலட்சத்துக்கு ஆறு துணிகள். ஒவ்வொன்றும் மற்றதை ஒத்திருந்தும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. எண்ணிக்கையாகச் சொல்லப்படும் மக்கள் தனித்தனி மனிதர்களாக இருந்தவர்கள் என்பதை இதைவிட அடக்கமாக உணர்த்த இயலுமா என்பது ஐயமே. தம் பிறந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண் ஒருவர், முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்குப் பின், சொல்ல இயலாத துயரத்தை நூலிடம் ஒப்படைத்தார். இளமையில் வலுவற்றது என்று அவர் எண்ணிய அதே நூல், அச்சுமையைத் தாங்கியது.

நமக்குரிய பாடம்

அன்னி ஆல்பர்ஸ் பெரு நாட்டில் கண்ட இடுப்புத் தறி நமக்குத் தொலைவான பொருளன்று. சரவாக்கின் இபான் பெண்கள் புவா கும்பு எனப்படும் துணியை நெய்வது இத்தகைய தறியில்தான். பாவு இழைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிச் சாயம் ஏற்றிய பின்னர், இடுப்பில் வாரைப் பூட்டிக்கொண்டு நெய்கின்றனர். கோலங்கள் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழியாக வருகின்றன. தீபகற்பத்தின் சொங்கெட் நெசவில் பொன்னிழை ஊடையாகப் புகுத்தப்படுகிறது. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் அக்கலையை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம்பெறுவது பெருமைதான். ஆனால் ஒரு கைத்திறன் உயிரோடிருப்பது பட்டியலில் அன்று. கற்பிக்க ஒருவரும் கற்க ஒருவரும் தறியருகே அமர்ந்திருக்கும் வரைதான் அது உயிரோடிருக்கிறது.

கைத்திறனோடு சொற்களும் வாழ்கின்றன என்பதை மொழியை நேசிப்போர் மறக்கலாகாது. 'ஊடும் பாவுமாக' என்று இன்றும் எழுதுகிறோம், 'இழையோடுகிறது' என்கிறோம், கதைக்கு 'முடிச்சு' உண்டு என்கிறோம், எந்த இன்னலையும் 'சிக்கல்' என்றே வழங்குகிறோம். இவை யாவும் நூலைக் கையில் பிடித்தவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். சிக்கெடுக்கப் பழகிய விரலுக்குச் 'சிக்கலைத் தீர்த்தல்' என்பது தெளிவான செயல்: நூலைப் பிடித்து இழுக்கக் கூடாது, முனையைத் தேட வேண்டும், பொறுமையாகத் தளர்த்த வேண்டும். அப்பழக்கம் இல்லாதவருக்கு அது வெறும் தேய்ந்த தொடர். விழுது, அச்சு, ஊடை என்னும் சொற்களை அகராதி காப்பாற்றும். அவற்றின் பொருளைக் கையே காப்பாற்றும்.

ஆகவே, தமிழ் வகுப்பறைக்கு அன்னியின் முறையிலிருந்து நாம் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். பாவு என்னும் சொல்லை எழுதிக்காட்டுவதற்கு முன், ஓர் அட்டைத் துண்டில் பல் வெட்டி நூலைச் சுற்றிக் கொடுப்போம். ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாகப் பிள்ளை மற்றொரு நூலைச் செலுத்தட்டும். திரும்பி வரும்போது மேலது கீழாகவும் கீழது மேலாகவும் மாற வேண்டும் என்பதை, தவறிப் பிரித்துத் தானே கண்டுகொள்ளட்டும். அதன்பின் 'இதற்குப் பாவு என்று பெயர், இதற்கு ஊடை என்று பெயர்' என்று சொல்வோம். அச்சொல் மறக்காது. செலவு ஒரு நூற்கண்டும் பழைய அட்டைப் பெட்டியும். தேவை ஒரு பாடவேளை.

சுழியத்திலிருந்து தொடங்குக, பொருள் சொல்வதைக் கேட்க, விடையை முந்திக்கொண்டு தந்துவிடாதிருக்க என்பன நெசவுக்கு மட்டும் உரிய அறிவுரைகள் அல்ல. பவணந்தியார் கண்ட நூற்கும் பெண்ணும், பெரு நாட்டுக் கடற்கரையில் நாரை முறுக்கிய பெண்ணும், சரவாக்கின் நீள்வீட்டில் இடுப்பில் வார் பூட்டிய பெண்ணும், வட கரோலைனாவின் மலையடியில் சோள மணியை மாணவர் கையில் வைத்த அன்னியும் ஒரே உண்மையை வெவ்வேறு இடங்களில் அறிந்திருந்தனர். கை அறிந்ததை மனம் எளிதில் இழப்பதில்லை. அடுத்த தலைமுறையின் கையில் நாம் நூலை வைக்க வேண்டும். இருபொருளிலும் வைக்க வேண்டும்.